சாக்கடைக் குழாயில் போன ஒரு கவுண்டி: ஜெஃபர்சன் திவாலான கதை

2011 கோடை. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், பர்மிங்ஹாம் நகரம். ஜெஃபர்சன் கவுண்டியின் (கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம்) நீதிமன்றக் கட்டடத்துக்கு வெளியே நீண்ட வரிசை. வழக்குக்கு வந்தவர்கள் அல்ல, கார் நம்பர் பிளேட்டைப் புதுப்பிக்க வந்தவர்கள். அலபாமாவில் இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்தாக வேண்டும். குடும்பப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து இன்னாருக்கு இன்ன மாதம் என்று ஒதுக்கியிருப்பார்கள். மாதம் தவறினால் அபராதம். அதுவரை வீட்டுக்குப் பக்கத்துக் கிளை அலுவலகத்தில் போகிற வழியில் முடித்துக்கொண்ட வேலைதான். அந்த ஆண்டு கவுண்டி தன் நான்கு கிளை அலுவலகங்களையும் பூட்டிவிட்டது. ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை.

அதே ஆண்டு நவம்பர் 9-ம் தேதி அந்தக் கவுண்டி மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தது. கடன் சுமார் 420 கோடி டாலர். அமெரிக்காவில் எந்த உள்ளாட்சி அமைப்பும் அதுவரை அவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலானதில்லை. 2013-ல் டெட்ராய்ட் நகரம் வந்து அந்தப் பெயரைத் தட்டிப் பறிக்கும்வரை சாதனை ஜெஃபர்சன் கவுண்டியிடம்தான் இருந்தது.

எதற்கு வாங்கிய கடன் இது? பெரும்பகுதி பாதாளச் சாக்கடைக்கு.

ஜெஃபர்சன் கவுண்டியை நம்மூர் மாவட்டத்தோடு ஒப்பிட்டால் பாதிதான் புரியும். அங்கே மேலிருந்து அனுப்பப்படும் கலெக்டர் கிடையாது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட கமிஷன்தான் கவுண்டியை நடத்துகிறது. சாலை, சிறை, ஏழைகளுக்கான மருத்துவமனை, சாக்கடை எல்லாம் அப்போது அவர்கள் கையில். ஆறரை லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும், அலபாமாவிலேயே பெரிய கவுண்டி அது. ஐந்து பேரில் மூன்று பேர் கை தூக்கினால் நூற்றுக்கணக்கான கோடி டாலர் கடன் வாங்கிவிடலாம். இந்தக் கதையில் பல இடங்களில் அந்த மூன்று கைகள் வருகின்றன.

ஆற்றில் கலந்தது

பர்மிங்ஹாம் 1871-ல் இரும்புக்காகவே உருவான ஊர். இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்ததால் ஆலைகள் வந்தன, ஆலைகளைச் சுற்றி ஊர்கள் வந்தன. ஒவ்வொரு ஊரும் தனக்குத் தோன்றியபடி சாக்கடை போட்டுக்கொண்டது. குழாய்கள் பழசாகின, விரிசல் விட்டன, மர வேர்கள் உள்ளே நுழைந்தன.

விரிசல் விட்ட குழாயில் கழிவுநீர் வெளியே கசிவது ஒரு பிரச்சினை. மழைநீர் உள்ளே புகுவது அதைவிடப் பெரிய பிரச்சினை. மழை பிடித்துப் பெய்தால் குழாய்க்குள் வழக்கத்தைவிடப் பல மடங்கு தண்ணீர் ஓடும். தாழ்வான தெருக்களில் மேன்ஹோல் மூடி எழும்பும், சாம்பல் நிறத் தண்ணீர் ரோட்டில் பொங்கும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேரும் தண்ணீரை அதனால் தாங்க முடியாது. அப்புறம் என்ன, வந்ததை வந்தபடியே ஆற்றில் திருப்பி விடுவார்கள். கஹாபா, பிளாக் வாரியர் என்ற இரண்டு ஆறுகளின் நீர்ப்பிடிப்புகளுக்கும் இந்தக் கழிவு போய்க்கொண்டிருந்தது. கஹாபா பர்மிங்ஹாமின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. மே மாதம் அதன் கீழ்ப்பகுதிப் பாறைகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒருவகை அல்லி பூக்கும். அதைப் பார்க்கவே ஆட்கள் படகு கட்டிக்கொண்டு போவார்கள்.

1993-ல் உள்ளூர் மக்களும் கஹாபா ஆற்றுச் சங்கமும் கவுண்டி மீது வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு மத்திய சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்துகொண்டது. 1972-ன் தூய நீர்ச் சட்டம் அவர்கள் பக்கம் தெளிவாக இருந்தது, கவுண்டியால் அதிகம் வாதாட முடியவில்லை. 1996-ல் நீதிமன்றத்தின் முன் சமரச உடன்படிக்கை கையெழுத்தானது. அபராதம் 7,50,000 டாலர். அதோடு ஆற்றங்கரை நிலங்களை வாங்கிப் பாதுகாக்க 3 கோடி டாலர். இவை சில்லறை. உண்மையான சுமை அதே காகிதத்தில் இன்னொரு பத்தியில் இருந்தது: கவுண்டிக்குள் உள்ள 21 சிறு நகரங்களின் சாக்கடைக் குழாய்களையும் கவுண்டியே எடுத்துக்கொண்டு சரிசெய்ய வேண்டும்.

அந்தச் சிறு நகரங்கள் சந்தோஷமாகக் கொடுத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல பத்தாண்டுகள் பராமரிக்காமல் விட்ட குழாய், ஒரே கையெழுத்தில் வேறொருவர் தலைவலி. கவுண்டி ஏற்றுக்கொண்ட மொத்த நீளம் 3,000 மைலைத் தாண்டியது. இதற்குக் கட்டணம் செலுத்தும் இணைப்புகளோ சுமார் 1,40,000 மட்டும். கவுண்டியில் எல்லா வீடும் சாக்கடையில் இணைந்திருக்கவில்லை. செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பில் வராது.

பில் ஏறத் தொடங்கியது. 1997-லிருந்து அடுத்த பத்து, பதினொரு ஆண்டுகளில் கட்டணம் நான்கு மடங்குக்கும் மேல் போனது. அப்படி உயர்த்தியும் போதவில்லை.

ஸ்டுடியோவும் கைப்பையும்

குழாய் போடும் வேலை தரைக்கு அடியில் நடப்பது. எத்தனை அடி தோண்டினார்கள், எத்தனை அடி புதிதாகப் போட்டார்கள் என்று தெருவில் நிற்பவருக்குத் தெரியாது. மண்ணை மூடினால் முடிந்தது. காசு கைமாற இதைவிட வசதியான வேலை அரசாங்கத்தில் குறைவு. ஒப்பந்ததாரர்கள், பொறியாளர்கள், கவுண்டி அதிகாரிகள், கமிஷன் உறுப்பினர்கள் என்று குழாய், கடன் இரண்டையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் பின்னாளில் குற்றவாளிகளாயினர்.

அவர்களில் ஒருவர் கிறிஸ் மெக்நேர். 1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்ஹாமின் 16-வது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் நிறவெறியர்கள் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அதில் 11 வயது டெனிஸ் இவருடைய மகள். புகைப்படக்காரராக இருந்தவர், பிறகு மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார், அப்புறம் கவுண்டி கமிஷனுக்கு வந்தார். நகரம் முழுக்க மரியாதை வைத்திருந்த மனிதர். சாக்கடை வேலை பார்த்த ஒப்பந்ததாரர்கள் அவருடைய போட்டோ ஸ்டுடியோவை விரிவுபடுத்தச் செலவு செய்தார்கள். 2006-ல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. மேல்முறையீடெல்லாம் முடிந்து 2011-ல் சிறைக்குப் போனபோது அவருக்கு வயது 85. இரண்டு ஆண்டுக்குப் பின் வயதையும் உடல்நிலையையும் கருதி விடுவித்தார்கள். இந்த வழக்கைப் படிக்கும் எவருக்கும் இந்த இடத்தில் கொஞ்சம் தொண்டை அடைக்கும். ஆனால் ஸ்டுடியோவைக் கட்டிய காசு, மாதாமாதம் சாக்கடைப் பில் கட்டியவர்களின் காசு. அவர்களில் பலர் அவரைப் போலவே கறுப்பினத்தவர், அவரைவிட ஏழைகள்.

இன்னொரு உறுப்பினர் மேரி பக்கிலூ. நியூயார்க்குக்குக் கடன் பத்திர வேலையாகப் போன இடத்தில் ஒரு முதலீட்டு வங்கியாளர் வாங்கிக் கொடுத்த காலணி, கைப்பை, ஸ்பா செலவு பற்றி விசாரணையில் பொய் சொன்னதாக 2008-ல் ஒப்புக்கொண்டார். கேரி வைட் என்ற மற்றொரு உறுப்பினர் சாக்கடை ஒப்பந்ததாரரிடம் லஞ்சம் வாங்கியதாக அதே ஆண்டு ஜூரி அவரைக் குற்றவாளி என்றது.

ஆனால் பெரிய ஆள் லாரி லாங்ஃபோர்ட். 2002 முதல் 2006 வரை கமிஷன் தலைவர், 2007-ல் பர்மிங்ஹாம் மேயர். மேடையேறினால் கூட்டத்தைக் கட்டிப்போடுவார். விலையுயர்ந்த சூட்டும் கைக்கடிகாரமும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. மேயராக இருந்தபோது, குற்றங்கள் குறைய வேண்டி ஊரே கோணி உடுத்திப் பிரார்த்திப்போம் என்று கூட்டம் கூட்டினார், கோணிகளும் விநியோகித்தார். அந்த சூட்டுகளில் சிலவற்றுக்கு யார் காசு கொடுத்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மாண்ட்கோமரி நகரைச் சேர்ந்த பில் பிளவுன்ட் என்ற முதலீட்டு வங்கியாளர், லாங்ஃபோர்டின் துணிக்கடைப் பாக்கி, ரோலக்ஸ் கடிகாரம், கடன் என்று மொத்தம் 2,35,000 டாலர் அளவுக்கு அவரைக் கவனித்துக்கொண்டார். பதிலுக்கு கவுண்டியின் கடன் பத்திர வேலைகளில் பிளவுன்டின் நிறுவனத்துக்கு இடம் கிடைத்தது. கட்டணமாக வந்தது சுமார் 71 லட்சம் டாலர். 2009 அக்டோபர் 28-ல் ஜூரி 60 குற்றச்சாட்டுகளிலும் லாங்ஃபோர்டைக் குற்றவாளி என்றது. 15 ஆண்டு சிறை. 2018 டிசம்பர் கடைசியில் உடல்நலம் மிகவும் கெட்டதால் விடுவிக்கப்பட்டார், சில நாட்களில், 2019 ஜனவரி 8-ல் இறந்துபோனார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஊழல் பண்ணினான், கவுண்டி போச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. மேரி பக்கிலூவின் கைப்பை, லாங்ஃபோர்டின் கடிகாரம், மெக்நேரின் ஸ்டுடியோ எல்லாவற்றையும் கூட்டினாலும் 320 கோடி டாலர் சாக்கடைக் கடனில் அது ஒரு சதவிகிதம்கூட வராது. லஞ்சம் செய்த வேலை வேறு: கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேள்வி கேட்காத ஆட்களை உட்கார வைத்தது. கவுண்டியை முழுங்கியது, அவர்கள் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்ட காகிதம்.

கடனும் அதன் மேல் கட்டிய கடனும்

முதலில் ஒரு சின்ன விஷயம். அலபாமாவில் கவுண்டி வாங்கும் கடனுக்கு 'பாண்டு' என்று பெயர் என்றால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 'வாரண்ட்' என்று பெயர் வைத்தால் வேண்டாம். சாக்கடைக் கடன் முழுக்க வாரண்ட். அதாவது, லட்சக்கணக்கானோர் தலையில் விழுந்த இந்தக் கடனுக்கு ஒருமுறைகூட அவர்களிடம் 'சரியா?' என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் சட்டப்படி இல்லை.

தொடக்கத்தில் கடன் நிலையான வட்டியில்தான் இருந்தது. கட்டணத்தை இனியும் உயர்த்தினால் அடுத்த தேர்தலில் தலை தப்பாது என்ற நிலை வந்தபோது, 2002, 2003-ல், வங்கிகள் வேறொரு வழி காட்டின. பழைய கடனை அடைத்துவிட்டு, சுமார் 300 கோடி டாலருக்கு மாறும் வட்டியில் புதுக் கடன் வாங்குங்கள். இதில் ஒரு பகுதியின் வட்டி சில வாரங்களுக்கு ஒருமுறை ஏலத்தில் முடிவாகும். வட்டி ஏறிவிட்டால் என்ன செய்வது? அதற்கு ஸ்வாப் என்ற ஒப்பந்தம். இதை முன்னின்று விற்றது ஜேபி மார்கன் என்ற பெரிய அமெரிக்க வங்கி.

ஸ்வாப் என்றால் என்னவென்று நூறு டாலரில் பார்ப்போம். எண்கள் கணக்குப் புரிவதற்காக மட்டும். கவுண்டி நூறு டாலர் கடன் வாங்கியிருக்கிறது, வட்டி சந்தை நிலவரப்படி மாறும். வங்கியோடு ஒரு தனி ஒப்பந்தம்: கவுண்டி ஆண்டுக்கு 4 டாலர் வங்கிக்குத் தரும், வங்கி சந்தை வட்டியைக் கவுண்டிக்குத் தரும். சந்தை வட்டி 3 என்றால் கவுண்டி தனக்குக் கடன் கொடுத்த கடன்காரருக்கு 3 கொடுக்கும், வங்கியிடமிருந்து 3 வாங்கும், வங்கிக்கு 4 கொடுக்கும். கையை விட்டுப் போவது 4. சந்தை வட்டி 6 ஆனாலும் அதே 4. நிலையான வட்டி போலவே, ஆனால் கொஞ்சம் மலிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஓட்டை எங்கே என்றால், 'சந்தை வட்டி' என்று இரண்டு இடத்தில் சொன்னது ஒரே வட்டி அல்ல. கவுண்டி கடன்காரருக்குக் கொடுப்பது தன் பத்திரத்துக்கு ஏலத்தில் கிடைக்கும் வட்டி. வங்கி கவுண்டிக்குக் கொடுப்பது லண்டன் வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டியை வைத்துக் கணக்கிட்ட ஒரு தொகை. சாதாரண நாட்களில் இரண்டும் கைகோத்து நடக்கும். கவுண்டியின் பெயர் கெட்டாலோ, சந்தையில் பயம் வந்தாலோ, கையை உதறிவிட்டு எதிரெதிர்த் திசையில் போகும். இந்த ஓட்டை ஒப்பந்தத்தில் மறைந்திருக்கவில்லை. கேட்டிருந்தால் யாராவது விளக்கியிருப்பார்கள்.

கேட்கவில்லை. அதற்கு மேல் ஸ்வாப் மீது ஸ்வாப் என்று அடுக்கினார்கள். ஒருகட்டத்தில் ஸ்வாப் ஒப்பந்தங்களின் முகமதிப்பு (வட்டியைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் தொகை) 500 கோடி டாலரைத் தாண்டியது, அதாவது அசல் கடனையே தாண்டியது. காப்பீடு எடுக்கப் போனவர் வீட்டு மதிப்பைவிட அதிகத்துக்குச் சூதாடிவிட்டு வந்தது போல.

இதில் ஜேபி மார்கன் செய்ததைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் வெளியே கொண்டுவந்தது. கமிஷன் உறுப்பினர்களுக்கு வேண்டிய ஆட்களின் உள்ளூர் தரகு நிறுவனங்களுக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த நிறுவனங்களுக்கு இந்த வேலையில் அதிகாரப்பூர்வமாக ஒரு பங்கும் இல்லை. அந்தச் செலவை வங்கி தன் கையிலிருந்து போடவில்லை, ஸ்வாப் வட்டியை ஏற்றி வைத்துக் கவுண்டியிடமே வசூலித்தது. தன்னை விற்றவர்களுக்கான கூலியையும் கவுண்டியே கட்டியது.

2008

2008-ன் தொடக்கத்தில் வீட்டுக்கடன் நெருக்கடி உலகத்தையே ஆட்டிக்கொண்டிருந்தது. ஜெஃபர்சனின் வாரண்டுகளுக்குக் காப்பீடு கொடுத்திருந்த நிறுவனங்கள் அந்தக் கடன்களுக்கும் காப்பீடு கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தன. தர மதிப்பீட்டு நிறுவனங்கள் அவற்றின் மதிப்பீட்டைக் குறைத்தன. காப்பீட்டின் மேல் நின்ற வாரண்டுகளின் மதிப்பும் சரிந்தது. பிப்ரவரியில் நாடு முழுக்கப் பத்திர ஏலங்களுக்கு ஆள் வரவில்லை. ஏலம் தோற்றால் அபராத வட்டி. 3 சதவிகிதம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் 10 வரை போனது.

நம் நூறு டாலர் கணக்குக்குத் திரும்புவோம். கடன்காரருக்கு இப்போது 10. வங்கிக்கு வழக்கமான 4. வங்கியிடமிருந்து வர வேண்டியது? நெருக்கடியைச் சமாளிக்க மத்திய வங்கி வட்டியை வெட்டிக்கொண்டே போனதால் அது 2-க்கு இறங்கிவிட்டது. 10 கூட்டல் 4 கழித்தல் 2, மொத்தம் 12. நாலு டாலரில் முடியும் என்று சொன்ன இடத்தில் பன்னிரண்டு.

அது போதாதென்று, யாரும் வாங்காத வாரண்டுகள் ஒப்பந்தப்படி வங்கிகள் கைக்கே திரும்பிவிட்டன. அப்படித் திரும்பினால் நீண்ட கால அவகாசம் போய், சில ஆண்டுகளுக்குள் அசலைக் கட்ட வேண்டும் என்று இன்னொரு ஷரத்து. மாதாமாதம் வீட்டுக்கு வீடு வசூலிக்கும் சாக்கடைக் கட்டணத்தில் இதைக் கட்ட முடியாது. முடியாது என்பது அந்த வசந்தகாலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் திவால் மனு போட இன்னும் மூன்றரை ஆண்டு ஆனது. பேச்சுவார்த்தை, தவணை நீட்டிப்பு, மறுபடி பேச்சுவார்த்தை.

லாங்ஃபோர்ட் தீர்ப்பு வந்து சரியாக ஒரு வாரத்தில், 2009 நவம்பர் 4-ல், ஜேபி மார்கன் பங்குச் சந்தை ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டது. 2.5 கோடி டாலர் அபராதம், கவுண்டிக்கு 5 கோடி, ஸ்வாப்பை முறித்ததற்காகக் கவுண்டியிடம் கேட்டிருந்த 64.7 கோடி டாலரைக் கைவிடுவது. இந்தக் கடைசித் தொகைதான் கவனிக்க வேண்டியது. வட்டியிலிருந்து காப்பாற்ற வாங்கிய ஒப்பந்தத்திலிருந்து வெளியேறவே அவ்வளவு கேட்டிருந்தார்கள்.

வரிசையின் காரணம்

இப்போது கார் நம்பர் பிளேட் வரிசைக்கு வருவோம். பலரும் சாக்கடைக் கடனால்தான் அந்த வரிசை என்று எழுதிவிட்டார்கள். அது சரியல்ல. சாக்கடைக் கடனுக்குச் சாக்கடைக் கட்டணம்தான் ஈடு. கவுண்டியின் பொதுக் கஜானாவிலிருந்து அதற்கு எடுக்க வேண்டியதில்லை. கஜானாவில் தனியாக இன்னொரு ஓட்டை விழுந்தது.

கவுண்டிக்குள் வேலை பார்ப்பவர்களின் சம்பளத்தில் அரை சதவிகிதம் ஒரு தொழில் வரி பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்கு 6 கோடி டாலருக்கும் மேல் வந்தது. பொதுச் செலவுக்கு அதுதான் முதுகெலும்பு. 2009 ஜனவரியில் நீதிமன்றம் அந்த வரி செல்லாது என்றது. அந்தக் கோடையில் சுமார் ஆயிரம் ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆகஸ்டில் மாநிலச் சட்டமன்றம் அவசரமாகக் கூடி புது வரிச் சட்டம் போட்டுக் கொடுத்தது. 2011 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அதையும் அடித்துவிட்டது. காரணம்? ஒரு குறிப்பிட்ட ஊருக்கென்று சட்டம் போடுவதற்கு முன் முறைப்படி வெளியிட வேண்டிய பொது அறிவிப்பைச் சரியாக வெளியிடவில்லை.

வேறு சில மாநிலங்களின் கவுண்டி என்றால் கமிஷனே கூடி வேறொரு வரி போட்டிருக்கும். அலபாமாவில் முடியாது. 1901-ல் எழுதிய அரசியல் சட்டம் கவுண்டிகளுக்குத் தன்னாட்சி தரவில்லை. கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிப்பதையே நோக்கமாக வைத்துக் கூடிய மாநாடு எழுதிய சட்டம் அது. உள்ளூர் அதிகாரம் யார் கைக்கும் போய்விடக் கூடாதென்று எல்லாவற்றையும் தலைநகர் மாண்ட்கோமரியில் கட்டி வைத்தார்கள். நூற்றிப் பத்து ஆண்டு கழித்தும் ஜெஃபர்சன் ஒரு வரி போட சட்டமன்றத்தின் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. கமிஷன் நூற்றுக்கணக்கான கோடி டாலருக்குச் சிக்கலான ஸ்வாப் ஒப்பந்தம் போட யாரிடமும் கேட்க வேண்டாம், அரை சதவிகித வரி போட மட்டும் மாநிலத்தையே கேட்க வேண்டும். இந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

சட்டமன்றம் அந்த ஆண்டு புது வரி எதுவும் தரவில்லை. கிளை அலுவலகங்கள் மூடின. ஊழியர்கள் மறுபடி நூற்றுக்கணக்கில் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். காப்பீடு இல்லாதவர்களுக்கென்று கவுண்டி நடத்திய கூப்பர் கிரீன் மருத்துவமனையில் 2012 கடைசியில் உள்நோயாளிப் பிரிவையும் அவசரச் சிகிச்சையையும் நிறுத்திவிட்டு, வெளிநோயாளி கிளினிக்காகச் சுருக்கிவிட்டார்கள். சாக்கடைக் குழாய் இணைப்பே இல்லாத வீட்டுக்காரரும் அந்த மருத்துவமனையை நம்பியிருந்திருப்பார்.

நான்குக்கு ஒன்று

இதற்கிடையே கடன்காரர்கள் மாநில நீதிமன்றம் போய், 2010-ல் சாக்கடை அமைப்பை நடத்த ஒரு ரிசீவரை, அதாவது நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகியை, நியமிக்க வைத்தார்கள். அவர் கட்டணத்தை உடனே 25 சதவிகிதம் உயர்த்த வேண்டும் என்றார். 2011 செப்டம்பரில் ஒரு தற்காலிக உடன்பாடு எட்டியது. கடன்காரர்கள் நூறு கோடி டாலருக்கு மேல் விட்டுக்கொடுப்பதாகப் பேச்சு. அதற்கும் சட்டமன்றத்தின் ஒத்துழைப்பு வேண்டியிருந்தது, விவரங்களிலும் இழுபறி, கடைசியில் முறிந்தது. நவம்பர் 9-ல் கமிஷன் கூடி, நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் திவால் மனு போட முடிவெடுத்தது. டேவிட் கேரிங்டன் தலைமையிலான அந்தக் கமிஷன், கடன் வாங்கிய கமிஷன் அல்ல. பழைய ஆட்களில் சிலர் அப்போது சிறையில் இருந்தார்கள்.

ஒரு கடை மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் சரக்கை ஏலம் போட்டுப் பங்கு பிரிப்பார்கள். கவுண்டிக்கு அப்படிக் கிடையாது. நீதிமன்றத்தையோ சிறையையோ சாக்கடைக் குழாயையோ யாரும் ஜப்தி செய்ய முடியாது. திவால் சட்டத்தின் 9-வது அத்தியாயப்படி, கவுண்டி தொடர்ந்து நடக்கும், கடன்காரர்கள் காத்திருக்க வேண்டும், கடனை எப்படிக் குறைப்பது என்று கவுண்டிதான் திட்டம் போட வேண்டும். 2012 ஜனவரியில் நீதிபதி தாமஸ் பென்னட் ரிசீவரின் பிடியைத் தளர்த்தி, சாக்கடை நிர்வாகத்தைக் கவுண்டியிடமே விட்டார். பேரம் பேசும் பலம் முதன்முறையாகக் கவுண்டி பக்கம் சாய்ந்தது.

2013 டிசம்பர் 3-ல் ஜெஃபர்சன் திவாலிலிருந்து வெளியே வந்தது. 178 கோடி டாலருக்குப் புது வாரண்ட் விற்று, அந்தக் காசில் பழைய கடன்காரர்களைப் பாதிக்குச் சற்று மேல் கொடுத்துக் கணக்கு முடித்தார்கள். அதிகம் இழந்தது ஜேபி மார்கன். தனக்கு வர வேண்டிய சுமார் 122 கோடியில் 84 கோடிக்கு மேல் விட்டுக்கொடுத்தது. வங்கியை இவ்வளவு விட்டுக்கொடுக்க வைத்ததைப் பலர் கவுண்டியின் வெற்றி என்று எழுதினார்கள். வங்கி தள்ளுபடி செய்த தொகையோடு ஒப்பிட்டால் வெற்றிதான்.

பில் கட்டுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி. புது வாரண்டுகளின் கணிசமான பகுதி, தொடக்கத்தில் வட்டி கட்டாமல் சேர்த்துக்கொண்டே போய்ப் பிற்காலத்தில் மொத்தமாகக் கட்டும் வகை. முதல் ஆண்டுகள் லேசாக இருக்கும், பின்னால் கனக்கும். கட்டணமும் அதற்கேற்ப முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது: முதல் நான்கு ஆண்டு 7.41 சதவிகிதம், அதன் பிறகு ஆண்டுதோறும் 3.49 சதவிகிதம், நாற்பது ஆண்டுத் திட்டம். அடுத்து வரும் கமிஷன் இந்த உயர்வை இஷ்டத்துக்கு நிறுத்திவிட முடியாதபடி திவால் நீதிமன்றமே கண்காணிக்கும் என்றும் எழுதி வைத்தார்கள்.

கட்டணம் செலுத்தும் சிலர் இதை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். லஞ்சத்தில் பிறந்த கடனுக்கு நாங்கள் ஏன் நாற்பது ஆண்டு கட்ட வேண்டும், இனி தேர்ந்தெடுக்கப்படப் போகிறவர்களின் கையை இப்போதே எப்படிக் கட்டலாம் என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான். 2018 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள்ளேயே போக மறுத்தது. திட்டத்தை உடனே நிறுத்திவையுங்கள் என்று அவர்கள் முதலிலேயே தடை கேட்கவில்லை. வாரண்டுகள் விற்று, காசு கைமாறி, ஆண்டுகள் ஓடிவிட்டன. திட்டத்தை நம்பி எத்தனையோ பேர் பணம் போட்டிருக்கிறார்கள். இனிமேல் பிரித்துப் பார்க்க முடியாது என்று வழக்கைத் தள்ளியது.

2013-ன் திட்டத்தை அப்படியே பின்பற்றினால், 3.49 சதவிகிதம் இருபது ஆண்டில் பில்லை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். 60 டாலர் கட்டும் வீட்டில் அது 119 டாலராகி நிற்கும்.